கவிழாத கயாக்

புன்னைமுனைக் கழிமுகத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டக் கற்றுத்தரும் ஒருத்தி இருந்தாள். பெயர் பிரிஸ்கா. வயது முப்பத்து நான்கு. ஒரு காலத்தில் துடுப்புப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். அதைப் பற்றிக் கேட்டால், "அது ஒரு காலம்" என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

அவளிடம் கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் கோமதிநாயகம். ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்தவர். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் முக்கால்வாசி லிஃப்ட்டுகளில் ஏறி இறங்கி, கம்பி வடத்தை விரலால் தடவிப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டவர். அவர் கையெழுத்துப் போட்ட ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை.

ஓய்வு பெற்று ஐந்தாவது மாதம், பைக்கில் கழிமுகப் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஒரு காட்சியைப் பார்த்தார்.

தண்ணீரின் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் படகு. அதில் ஒரு பெண் எழுந்து நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள். அவர் அதுவரை பார்த்த வீச்சு இல்லை அது. கொக்கியில் ஈயம் கிடையாது, புழு கிடையாது. கொஞ்சம் இறகும் மயிரும் சுற்றிய கொக்கி, அவ்வளவுதான். எடையெல்லாம் நூலில். அந்த நூல் அவள் தலைக்கு மேலே பின்னால் போய், காற்றில் முழுசாக விரிந்து, ஒரு கணம் நின்று, முன்னால் வந்து, தண்ணீர்மேல் சத்தமில்லாமல் படுத்தது.

அடுத்த கணம் அந்த இடத்துத் தண்ணீர் வெடித்தது.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. கோமதிநாயகம் பாலத்தின் நடுவில் பைக்கை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

பாலத்தைச் சுற்றி இறங்கி, மணலில் ஓடி, அவள் கரைக்கு வரும்வரை காத்திருந்தார்.

"இதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

பிரிஸ்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீச்சல் தெரியுமா அண்ணாச்சி?"

"தாமிரபரணியில படிச்சது."

"அப்ப வாங்க."

வீட்டில் மனைவி உலகம்மாளிடம் சொன்னபோது அவருக்குச் சொல் தடுமாறியது. கையை வீசி வீசிக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டில் கை இடித்தது. உலகம்மாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உலகம்மாளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயதில், அணைக்கட்டில் தோணி கவிழ்ந்து இறந்துபோனான். அவள் அப்போது கரையில்தான் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு ஆற்றுக்கோ கடலுக்கோ அவள் போனதில்லை.

கோமதிநாயகம் சொல்லி முடித்ததும் அவள் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை.

"கவிழாத படகா இருக்கட்டும். அதை அந்தப் பொண்ணு தன் வாயால சொல்லட்டும். வாங்கிக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் ஒரு நோட்டோடு போனார். இரவெல்லாம் வீடியோ பார்த்து எழுதியது. நீளம், அகலம், எடை, இருக்கையின் உயரம், மிதிகட்டை உண்டா இல்லையா, எழுந்து நிற்கத் தோதுண்டா என்று நாற்பது பக்கம். கோடு போட்டுக் கட்டம் கட்டி வைத்திருந்தார்.

பிரிஸ்காவின் கொட்டகையில் ஐந்து கயாக்குகள் கிடந்தன.

"டீச்சர், இதுல கவிழாத கயாக் எது?"

பிரிஸ்கா நோட்டை வாங்கவில்லை. "இந்த அஞ்சையும் தண்ணி வரைக்கும் கொண்டு போங்க" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"ஒத்தை ஆளா."

கொட்டகையிலிருந்து தண்ணீருக்கு எண்பதடி மணல். மூன்றைக் கொண்டு சேர்ப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான்காவது, அவர் நோட்டில் முதலிடம் கொடுத்திருந்த படகு. காலால் மிதித்து ஓட்டுவது, நாற்காலி போல இருக்கை, மீன் வைக்கத் தனிப் பெட்டி. அது பாதி மணலில் நின்றுவிட்டது. ஐந்தாவது கொட்டகை வாசலைத் தாண்டவில்லை.

அவர் மூச்சு வாங்க நின்றார். "இந்த ரெண்டும்?"

"இதை வாங்குனா எப்ப மீன் பிடிக்கப் போவீங்க?"

அவர் யோசித்தார். "துணைக்கு ஆள் கிடைக்கிற அன்னைக்கு."

பிரிஸ்கா குடத்திலிருந்து அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு, நோட்டைத் திறந்து இரண்டு பெயர்களை அடித்தார். அதில் முதல் பெயரை அடிக்கும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

மீதி மூன்று. நீளமாக, ஒடுக்கமாக ஒரு மஞ்சள். குட்டையாக, தடியாக ஒரு நீலம். இரண்டுக்கும் நடுவில், தட்டையாக, அகலமாக ஒரு பச்சை.

இரண்டாம் நாள் அதே கேள்வி. "இந்த மூணுல எது டீச்சர்?"

"மிதவைச் சட்டையைப் போடுங்க. ஏறி உக்காருங்க. பின்னால இருக்க தண்ணி பாட்டிலை எடுங்க. குடிங்க. கொக்கியை மாத்திக் கட்டுங்க. எல்லாத்தையும் துடுப்பைத் தொடாம செய்யுங்க."

மார்பளவுத் தண்ணீர். பச்சையிலும் நீலத்திலும் எல்லாம் செய்துவிட்டார். ஆனால் நீலத்தில் வந்து சேர்ந்த இடம் வேறாக இருந்தது. காற்று அந்தக் குட்டைப் படகைக் குப்பைமாதிரி சுற்றிச் சுற்றித் தள்ளியிருந்தது. மஞ்சளில் பாட்டிலுக்காகத் திரும்பினார். வானம் ஒருமுறை காலுக்குக் கீழே போனது. மூக்கில் உப்பு ஏறியது.

எழுந்து நின்று துப்பினார். பிரிஸ்கா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏறுங்க."

ஏற முடியவில்லை. ஒரு பக்கம் பிடித்தால் படகு அவர்மேலேயே வந்து விழுந்தது. ஆறு தடவை. ஏழாவது தடவை பிரிஸ்கா சொன்னாள்: "மேல ஏறப் பாக்காதீங்க. தண்ணிமேல படுத்துக் காலை உதைங்க. நெஞ்சு குறுக்க விழட்டும். அப்புறம் புரண்டு உக்காருங்க."

எட்டாவது தடவை ஏறினார். படகின்மேல் கவிழ்ந்து கிடந்தபடியே சிரித்தார். பள்ளிக்கூடத்தை மட்டம் போட்டு ஆற்றில் குதித்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு வந்ததாக அவருக்கு நினைவில்லை.

கரைக்கு வந்து ஈரக் கையோடு நோட்டை எடுத்தார். 'மஞ்சள் கவிழும்' என்று எழுதினார்.

பிரிஸ்கா எட்டிப் பார்த்தாள். "நான் அதுல ஒம்பது வருஷமா நிக்குதேன் அண்ணாச்சி."

அவர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். பிறகு அடித்துவிட்டு, 'நான் கவிழ்ந்தேன்' என்று எழுதினார்.

அதன் பிறகு ஒரு வாரம் படகே கிடையாது. மணலில் நின்று வீச்சு.

கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை முனையில் கட்டிக் கொடுத்தாள். அவர் வீசினார். தலைக்குப் பின்னால் சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம். நூல் குவியலாக அவர் தோளிலேயே விழுந்தது. மறுபடியும் வீசினார். மறுபடியும் சாட்டை.

"என்ன அவசரம்?"

"மீன் முன்னாலதான டீச்சர் இருக்கு?"

"நூல் இன்னும் பின்னால போய்க்கிட்டிருக்கு."

"போய் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?"

"முன்னால இருக்க கண்ணையும் மூடுங்க."

மூடினார். இருட்டுக்குள் கை மட்டும் இருந்தது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு, பின்னால் போன நூல் கட்டைவிரலைச் சன்னமாக ஒரு இழு இழுத்தது. பின்னாலிருந்து ஒரு குழந்தை சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல. அந்த இழுப்பில் கையை முன்னால் கொண்டுவந்தார். கண்ணைத் திறந்தார். நாற்பதடி தள்ளி, மணலில், நூல் நேர்கோடாகக் கிடந்தது.

அவர் பிரிஸ்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கொட்டகைக்குள் போயிருந்தாள். சொல்ல ஆளில்லாமல், ஓரமாக நின்ற நாரையிடம் "பாத்தியா?" என்றார்.

அன்று நூற்றிருபது தடவை வீசினார். சாயங்காலம் சட்டைப் பொத்தானைக் கழற்ற வலது கை எழவில்லை. உலகம்மாள்தான் கழற்றிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?" என்று கேட்டாள்.

"இன்னும் சொல்லல."

பதினோராம் நாள் பச்சைப் படகில் எழுந்து நின்றார்.

நீலத்தில் நின்று பார்த்துவிட்டார், காற்று விடவில்லை. மஞ்சளில் அவருக்கு முழங்கால்தான் நிமிர்ந்தது. பச்சையில் எழுந்தபோது தரையில் நிற்பதுபோல இருந்தது. பாதங்களை அகட்டி வைத்தார். முழங்காலைத் தளர்த்தினார். வீசினார். நூல் பின்னால் போனது, இழுத்தது, முன்னால் வந்து படுத்தது. படகு அசையவில்லை. பாலத்திலிருந்து தான் பார்த்த அதே ஆள் இப்போது தான்தான் என்பதுபோல அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அரை மணி நேரம் நின்றார். வேண்டுமென்றே எடையை ஒரு காலுக்கு மாற்றினார். ஓரத்தில் போய் நின்றார். லிஃப்ட்டுக்குள் குதித்துப் பார்ப்பதுபோல ஒருமுறை லேசாகக் குதித்தும் பார்த்தார்.

கரைக்கு ஓடி வந்தார். "டீச்சர், இது கவிழாது."

பிரிஸ்கா மதியச் சாப்பாட்டுக்கு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வீட்டுல உங்க வாயால கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கா."

"ஏன்?"

அவர் உலகம்மாளின் தம்பியைப் பற்றிச் சொன்னார். தோணி கவிழ்ந்த இடத்தில் அவள் கரையில் நின்றதையும் சொன்னார். பிரிஸ்கா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"அவ வரமாட்டா டீச்சர். தண்ணிப் பக்கமே வந்து முப்பது வருஷம் ஆவுது."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

உலகம்மாள் வந்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மணல் முடிந்து ஈரம் தொடங்கும் இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டாள். துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்த பையைக் கீழே வைக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கடல் ஏறிவரும் நேரம். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று மெல்ல வீசியது. கோமதிநாயகம் பச்சையிலும் பிரிஸ்கா மஞ்சளிலும் போனார்கள். கரையிலிருந்து குரல் கேட்கும் தூரத்தில், அலையாத்தி மரங்களிலிருந்து ஓர் ஓடை கழிமுகத்தில் வந்து சேரும் இடத்தில் நிறுத்தினார்கள். அங்கே ஆழம் இரண்டாள் மட்டம்.

மடவை மீன்குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளின. யாரோ ஒரு பிடி சில்லறையை வீசியதுபோலத் தண்ணீர் மின்னியது. மறுபடியும் துள்ளின. இந்தத் தடவை இன்னும் உயரமாக.

"அது தானாத் துள்ளல" என்றாள் பிரிஸ்கா தணிந்த குரலில். "அதைத் தின்ன கீழ கொடுவா மீன் நிக்குது."

கோமதிநாயகம் தூண்டில் தடியை எடுத்தார். எழுந்து நின்றார். நூலைப் பின்னால் விட்டார். அது இழுக்கும்வரை பொறுத்திருந்தார். உள்ளுக்குள் எல்லாமே 'இப்ப, இப்ப' என்றது. கை மட்டும் இழுப்புக்காகக் காத்திருந்தது. இழுத்தது. முன்னால் விட்டார். இறகுக் கொக்கி மடவைக் கூட்டத்தின் ஓரத்தில் சத்தமில்லாமல் இறங்கியது.

ஒன்று. இரண்டு. நூலை ஒரு சாண் இழுத்தார்.

தண்ணீருக்குள் கதவை அறைந்து சாத்தியதுபோல ஒரு சத்தம். தடி வில்லாக வளைந்தது. நூல் அவர் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது. முப்பதடி தள்ளி அந்த மீன் எழும்பியது, முழுசாக வெளியே வந்து, வெள்ளி உடம்பை உதறி, தலையை ஆட்டி, விழுந்தது. அவர் கைநீளம் இருக்கும்.

"டீச்சர்" என்றார்.

"பாத்தேன். தடியைத் தூக்கிப் பிடிங்க."

மீன் ஓடியது. படகும் அதன் பின்னால் மெல்ல நகர்ந்தது. ஒரு மீன் தன்னை இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. கரையில் நின்ற உலகம்மாளைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். அந்த நேரத்தில்தான் மீன் திரும்பியது. நேராக அவரை நோக்கி வந்து, படகுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் பாய்ந்தது. தடி அந்தப் பக்கம் போனது. அவர் உடம்பும் அந்தப் பக்கம் போனது. கால் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

படகு கவிழவில்லை. அவர்தான் விழுந்தார்.

மேலே வந்தபோது காதுக்குள் தண்ணீர் கொதித்தது. கையில் தடி இருந்தது. தடியின் மறுமுனையில் மீன் இருந்தது. பச்சைப் படகு அவர் எடை இல்லாமல் நிமிர்ந்து, லேசாகி, கொண்டல் காற்றில் விலகிப் போய்க்கொண்டிருந்தது.

கரையிலிருந்து ஒரு சத்தம். உலகம்மாளின் குரல்தான். ஆனால் அதில் சொல் இல்லை. பை மணலில் கிடந்தது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

பிரிஸ்கா ஒரு துடுப்பு நீளத்தில் இருந்தாள். அவர் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். கை நீட்டவில்லை.

"அண்ணாச்சி, கையில என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சமையலறையில் நின்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

அவர் தடியைப் பார்த்தார். படகைப் பார்த்தார். இருபதடி தள்ளிப் போயிருந்தது.

விரலைத் திறந்தார்.

பிறகு நீந்தினார். மிதவைச் சட்டை கழுத்தைத் தள்ளியது. படகு போன வேகத்துக்கு அவர் வேகம் போதவில்லை. தாமிரபரணியில் பழகிய கை, நாற்பது வருஷமாகத் தூங்கிய கை, மெல்ல மெல்ல விழித்தது. பதினைந்து வீச்சு. இருபது. படகின் ஓரத்தில் தொங்கிய பிடிவார் விரலில் பட்டு நழுவியது. மறுபடியும் எட்டிப் பிடித்தார். மூச்சு வரட்டும் என்று ஒரு கணம் தொங்கினார். தண்ணீர்மேல் படுத்தார். காலை உதைத்தார். நெஞ்சு குறுக்கே விழுந்தது. புரண்டார். உட்கார்ந்தார்.

முகத்திலிருந்த தண்ணீரை வழித்தார்.

பிரிஸ்கா மஞ்சளை ஒட்டிக் கொண்டுவந்தாள். துடுப்பின் நுனியில் மிதக்கும் நூல் தொங்கியது. தண்ணீரில் கிடந்ததை அள்ளியிருந்தாள். அதை அவர் மடியில் போட்டாள்.

நூல் அசைந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். வெறுங்கையால் இழுத்தார். நூல் எதிர்த்தது. மறுபடியும் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது படகுக்குப் பக்கத்திலேயே எழும்பியது. அவர் முகத்தில் தண்ணீரை அடித்தது. ஒரு கண் தெரிந்தது, தணல்போலச் சிவப்பாக. தலையை ஓர் உதறு உதறிக் கொக்கியைத் துப்பிவிட்டுப் போனது.

கோமதிநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். கழிமுகம் முழுக்கக் கேட்டது.

நூலின் மறுமுனையில் தொங்கிக்கொண்டிருந்த தடியையும் மேலே இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். உலகம்மாள் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து வெளியே வரவேயில்லை. படகு அவள்மேல் இடிக்கும் அளவுக்கு வந்ததும் அதன் மூக்கைப் பிடித்து நிறுத்தினாள்.

"போச்சா அது?" என்றாள்.

"போச்சு உலகு. ஆனா கண்ணைப் பாத்தேன். இவ்வளவு பக்கத்துல."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். முந்தானையும் நனைந்துதான் இருந்தது.

"படகு கவிழல. நான்தான் விழுந்தேன்" என்றார் அவர். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல.

"பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

அவள் படகின் மூக்கை இன்னும் விடவில்லை. பிறகு அவள் சொன்னாள்: "தண்ணியில விழுந்த ஆளு திரும்ப ஏறுனதை நான் இன்னைக்குத்தான் பாக்குதேன்."

கோமதிநாயகம் படகிலிருந்து இறங்கினார்.

"இந்தப் பச்சையையே வாங்குங்க" என்றாள் உலகம்மாள்.

பிறகு பிரிஸ்காவிடம் திரும்பினாள். கோபமா இல்லையா என்று அவள் குரலில் தெரியவில்லை. "எம்மா, இவுக ஏறிருவாகன்னு உனக்கு முன்னமே தெரியும், இல்லையா?"

பிரிஸ்கா துடுப்பில் ஒட்டியிருந்த பாசியை விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுக்கா."

"தெரியாமலா அப்படிச் சும்மா நின்ன?"

"தெரியாது. அதான் துடுப்பு எட்டுற தூரத்துலயே நின்னேன்."

கோமதிநாயகம் தன் பழைய கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, பச்சையின் மூக்கைப் பிடித்து மணலுக்கு இழுத்தார்.